பாலத்தில் ஓர் இடம்

புதிதாக வந்த ஊர் வெயிலில் அடுத்தவர் வீடு போலத்தான் இருக்கும். கோட்டை யாருடையதோ, கோயில் யாருடையதோ. மழை பிடித்துக்கொண்டால் கதை வேறு. ஒதுங்க இடம் தேடுவதில் உள்ளூர்க்காரர், அசலூர்க்காரர் என்ற பேதம் கிடையாது.

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே மரஅச்சில் 1857இல் வெளியிட்ட ஷின் ஓஹாஷி பாலத்து மழைப்படத்தைப் பாருங்கள். இன்று டோக்கியோ என்கிறோமே, அன்றைய எடோ. மேலே கருமேகம், கீழே சுமிதா ஆறு, இடையில் நூல் நூலாக மழை. அந்த நூல்களை மட்டும் புடைப்பாக விட்டு, சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்திருக்கிறது ஓர் உளி. பாலத்தில் குடைக்குள்ளும் பாய்க்குள்ளும் தலையைப் புதைத்துக்கொண்டு விரைகிறார்கள் சிலர். ஆற்றில் மரத்தெப்பத்தோடு ஒற்றை ஆள். ஒருவர் முகமும் தெரியவில்லை.

அந்த எடோவில் வந்தவர்கள் ஏராளம். பிரபுக்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு தலைநகரில் தங்க வேண்டும் என்பது ஷோகுன் ஆட்சியின் விதி. அவர்களோடு வந்த சாமுராய்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். திரும்பும்போது மூட்டையில் வைத்துக்கொள்ள எடையில்லாத, விலை குறைந்த பரிசு இந்த மரஅச்சுப் படங்கள். மழைப்படத்தைக் காட்டி, “இப்படித்தான் ஒருநாள் நானும் மாட்டிக்கொண்டேன்” என்று வீட்டில் சொல்லலாம். அரண்மனைப் படத்தைக் காட்டி அப்படிச் சொல்ல முடியுமா?

எல்லா மழைப்படமும் இப்படி இடம் தருவதில்லை. பிரெஞ்சு ஓவியர் கைபோத் 1877இல் வரைந்த பாரிஸ் மழைநாளில் ஒரு துளிகூட விழக் காணோம். ஈரம் மினுங்கும் கல்தெருவும் குடைகளும்தான். முன்னால் வருகிற கனவானுக்கும் சீமாட்டிக்கும் முகம் துலக்கமாகத் தெரிகிறது. அது அவர்களுடைய பாரிஸ். நாம் வழிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

அதே பாரிசுக்கு 1886இல் வந்து சேர்ந்த வான் கோ, மறு ஆண்டு ஹிரோஷிகேயின் பாலத்தை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்தார். ஜப்பானுக்கு அவர் போனதே இல்லை. 1888இல் தென்பிரான்சின் ஆர்ல் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, அங்கே ஜப்பானைத்தான் தேடினார். நனையாத மழையின் மேல் வைத்த பிரியம் அது.

அதைப் பொய்ப் பிரியம் என்று தள்ள மனம் வரவில்லை. சுற்றுலாச் சுவரொட்டியின் நீலவானம், ஊர் நமக்காகக் காத்திருப்பதாக ஆசை காட்டுகிறது. முதல் தூறலிலேயே அது வெளுத்துவிடும். மழைப்படம் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. நனைவாய் என்கிறது, கூட நனைய நாலு பேர் இருப்பார்கள் என்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த ஊரின் முதல் மழை, தெரிந்தவர் வீட்டுத் திண்ணை.