அரைகுறை வீடும் முழுக் கிரயமும்

நெல்லுக்கு வேலியிட்டுக் காத்த ஊர் என்பதால் திருநெல்வேலி எனப் பெயர் பெற்றதாம் நமது ஊர். இன்றும் வேலி இருக்கிறது, நெல்தான் இல்லை! வேலிக்கு உள்ளே வீட்டு மனைகள். பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் பாய்ந்த வயல்களிலே கல் நட்டு, பாதிச் சுவர் எழுப்பி, "முன்பணம் கொடுங்கள், மூன்றே மாதத்தில் முடித்துத் தருகிறோம்" என்று அழைக்கிறார்கள்.

அந்த அழைப்பை நம்பிச் செல்பவர் யார்? பணம் படைத்தவரா? அவருக்கு ஆலோசனை கூற வக்கீல் இருக்கிறார். வரைபடம் பார்க்க இன்ஜினியர் இருக்கிறார். செல்பவர் மேலப்பாளையத்துப் பீடித் தொழிலாளி. விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி. தாழையூத்து சிமெண்ட் ஆலையிலே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். சேமநல நிதியும், மனைவியின் நகையும், வட்டிக்கு வாங்கிய கடனும் சேர்ந்துதான் அந்த முன்பணம். அது போனால் இன்னொரு முறை சேர்க்க ஆயுள் போதாது, தோழர்களே!

"அனுமதி வாங்கியாயிற்றா?" என்று கேட்டால் வரும் பதில்கள் மூன்று. மூன்றையும் உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது பதில்: "பத்திரம் பதிவாகிவிடும், பிறகென்ன பயம்?"

பயம் இருக்கிறது. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. விளைநிலங்கள் வரைமுறையின்றி மனைகளாவதைத் தடுக்கவே அந்த உத்தரவு. அதன்பின் 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. முன்பே வீட்டு மனையாகப் பதிவானதை மீண்டும் பதிவு செய்ய இன்று சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பதிவு என்பது விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பதற்குச் சாட்சி, அவ்வளவே. அங்கே வீடு கட்டலாம் என்பதற்கு அது உத்தரவு அல்ல. வரன்முறை ஆகாத மனையிலே கட்டிட அனுமதி கிடைக்காது. நீர்நிலையிலும் வாய்க்காலிலும் அமைந்த மனைக்கோ வரன்முறையே கிடையாது.

இரண்டாவது பதில்: "அனுமதிக்கு மனு போட்டிருக்கிறோம்; ஆபீசில் தாமதம்."

முன்பு இது நம்பக்கூடிய பதில். இன்று அப்படியல்ல. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையிலே, 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளமும் ஒரு மாடியுமோ கட்டுவதற்கு இணையவழியில் உடனுக்குடன் அனுமதி பெறலாம். வழி இவ்வளவு திறந்திருந்தும் ஒருவர் அனுமதி பெறவில்லை என்றால், குறை பெரும்பாலும் ஆபீசில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். மனைப்பிரிவு ஒப்புதல் பெறாததாக இருக்கலாம். வாய்க்கால் புறம்போக்காக இருக்கலாம். பட்டாவில் தகராறு இருக்கலாம். அனுமதி இல்லாமை நோயல்ல, நோயின் அறிகுறி!

மூன்றாவது பதில்: "சின்ன வீட்டுக்கு ஏது சான்று?"

இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆகவேதான் ஆபத்து அதிகம். சிறு குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விதிவிலக்கு உண்டு. ஆனால் விலக்கு நிறைவுச் சான்றுக்குத்தான். கட்டிட அனுமதிக்கு அல்ல. 2024 டிசம்பர் 17ஆம் நாள் உச்சநீதிமன்றம் தெளிவாகவே கூறிவிட்டது: ஆண்டுகள் பல கடந்தன என்பதாலோ, பணம் செலவழிந்தது என்பதாலோ விதிமீறிய கட்டிடம் செல்லுபடியாகிவிடாது. கட்டுமானம் நடக்கும் இடத்திலே ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மாட்டி வைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கட்டளையிட்டிருக்கிறது. நம் ஊரில் எத்தனை இடத்தில் அந்த வரைபடம் தொங்குகிறது? சென்று பாருங்கள்!

காகிதத்துக்காக ஏன் இவ்வளவு வாதம் என்று சிலர் கேட்கக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை மறந்துவிட்டதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்தது. சந்திப்புப் பகுதி வெள்ளக்காடாயிற்று. வாய்க்காலை மறித்தால் தண்ணீர் வேறு வழி தேடும். அந்த வழி வீட்டு வாசலாகத்தான் இருக்கும்.

அதே நேரத்தில் காகிதம் மட்டும் போதும் என்றும் நாம் கூறவில்லை. 2014 ஜூன் 28ஆம் நாள் சென்னைப் போரூரை அடுத்த மௌலிவாக்கத்திலே கட்டி முடியாத 11 மாடிக் கட்டிடம் சரிந்தது. அதற்கு அனுமதி இருந்தது! ஆயினும் 61 பேர் மாண்டனர். மாண்டவர்கள் அங்கே வேலை செய்த பாட்டாளிகள். அனுமதி வேண்டும், அனுமதித்தபடி கட்டப்படுகிறதா என்ற கண்காணிப்பும் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016இல் இயற்றப்பட்ட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்த வேலைக்கே செலவிட வேண்டும் என்கிறது. சொன்ன காலத்தில் முடிக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டந்தான்! ஆனால் 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 செண்டுக்கு மேற்படாத நிலத்துக்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டத்துக்கும் அங்கே பதிவு தேவையில்லை. ஏழை எங்கே வாங்குகிறான்? ஆறு செண்டில் எழும் நான்கு வரிசை வீடுகளில்தானே! பெரிய மாளிகை வாங்குபவனுக்குக் குடை. சிறு வீடு வாங்குபவனுக்கு வெறுந்தலை. இது நியாயமா?

இந்த வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கு அந்தச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. டெல்லிக்குக் காவடி தூக்க வேண்டியதில்லை. குறைத்திடுக என்று கேட்பது நமது முதற்கடமை. மாநகராட்சியும் ஊராட்சிகளும் அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியலை வார்டுதோறும் பலகையில் எழுதி வைத்திட வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை.

அதுவரை கிளைத் தோழர்கள் சும்மா இருக்கலாமா? முன்பணம் கொடுக்கப் போகும் தொழிலாளியோடு ஒருவர் துணை செல்லுங்கள். மனைப்பிரிவு ஒப்புதல் எண், கட்டிட அனுமதி, பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் கேளுங்கள். மீதி வேலை என்ன, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணத்துக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வேலை முடிய முடியப் பணம், முன்கூட்டியே அல்ல. ஏமாந்தவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் கொடுத்துவிட்டு வழக்காடுவதைவிடக் கொடுக்குமுன் கேட்பது எளிது.

கேட்டால் முகம் சுளிப்பவனிடம் வீடு வாங்க வேண்டாம். கேட்காமல் வாங்கும் வீட்டிலே நிம்மதியாக உறங்கவும் முடியாது!