வாடகை வீடுன்னா படுக்கையறை அழுது வடியணுமா?

தில்லியில நம்ம ஆளுங்க வீட்டுக்குப் போனா ஹால் பளிச்சுன்னு இருக்கும். சோபா, டிவி, ஷோகேஸ்ல தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைன்னு எல்லாம் நேர்த்தி. படுக்கையறைக் கதவு மட்டும் சாத்தியே இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தா சேதி தெரியும்: பிரிக்காத அட்டைப்பெட்டி ரெண்டு, ஜன்னல்ல பழைய போர்வை, தலைக்கு மேல கண்ணைக் கூசுற ட்யூப்லைட். கேட்டா ஒரே பதில்தான். "வாடகை வீடுதானே, சொந்த வீடு வரட்டும், பாத்துக்கலாம்."

இந்த 'பாத்துக்கலாம்'லதான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல போற வாடகை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யணும்ங்கிறதால இங்கே 11 மாசத்துக்கு எழுதுவாங்க. அப்படி 11 மாசம் 11 மாசமா நீட்டிப் பத்து வருஷம் ஓடிடுது. ஊர்ல கட்டின வீட்டுல தேக்குக் கட்டில், துணி போட்டு மூடினபடி கிடக்கும். வருஷத்துல பத்து நாள் படுக்கிற இடத்துக்குத் தேக்கு, மிச்ச நாளெல்லாம் படுக்கிற இடத்துக்கு அட்டைப்பெட்டி. என்ன கணக்கு சாமி இது?

நண்பர் ஒருத்தர் வீட்டுக் குட்டிப்பொண்ணை ஸ்கூல்ல 'எங்கள் வீடு' வரையச் சொன்னாங்களாம். திண்டுக்கல் பக்கம் இருக்கிற தாத்தா வீட்டை வரைஞ்சிருக்கா. "அப்ப இந்த வீடு?"ன்னு கேட்டதுக்கு, "இது நாம தங்கியிருக்கிற இடம்"னு பதில். அவ பிறந்து வளர்ந்ததே இந்த வீட்டுலதான்.

சரி, வாடகை வீட்டுல எவ்வளவுதான் செலவு பண்றது? என் கொள்கை இதுதான்: சுவத்துல காசு போடாதீங்க, காலி பண்ணும்போது மூட்டை கட்டி எடுத்துட்டுப் போற பொருள்ல போடுங்க.

முதல்ல வெளிச்சம். ராத்திரி அந்த ட்யூப்லைட்டை அணைச்சிட்டு, ஒரு சின்ன டேபிள் லேம்ப்ல 2700 கெல்வின்னு போட்டிருக்கிற வார்ம் ஒயிட் எல்இடி பல்பு மாட்டுங்க. மஞ்சள் வெளிச்சத்துல சாயம் போன சுவரும் கொஞ்சம் நல்லாத் தெரியும். தூங்கப் போற நேரத்துல நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தூக்கத்தையும் தள்ளிப் போடும்.

அடுத்து திரை. கடைக்கே போக வேண்டாம். பீரோவுல தூங்குற சுங்குடிச் சேலையை எடுங்க. 5.5 மீட்டர்ல 5 அடித் திரை மூணு வரும். மேற்குப் பார்த்த ஜன்னல்னா பின்னாடி பழைய பெட்ஷீட்டை லைனிங்காக் கொடுத்துத் தைங்க. மே மாசத்துச் சாயங்கால வெயிலுக்கு மெல்லிசுத் துணி மட்டும் தாங்காது. தெருமுனை டெய்லர் கூலியோட வேலை முடிஞ்சது.

கட்டில்தான் அறையில பெரிய பொருள். அதனால விரிப்பு மாறினாலே அறை மாறின மாதிரி இருக்கும். ஊருக்குப் போகும்போது சென்னிமலை பெட்ஷீட் ரெண்டு வாங்கிட்டு வாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல தரையில ஒரு பவானி ஜமக்காளம் விரிங்க, இல்லைன்னா பத்தமடைப் பாய். ரெண்டும் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. பரண்ல சுருட்டி வைக்கவா அதை நெஞ்சாங்க? ஜனவரிக் குளிர்ல கால் வைக்க ஜமக்காளம் இதமா இருக்கும்.

சுவத்துல ஸ்டிக்கர் ஒட்ட ஆசைப்படாதீங்க. மழைக்காலத்துக்கு அப்புறம் ஈரம் பூத்து, பெயிண்ட்டோட உரிஞ்சு வரும். வீட்டுக்காரர் டெபாசிட்ல கை வைப்பார். பழைய குடித்தனக்காரர் அடிச்சுட்டுப் போன ஆணி ஒண்ணாவது இருக்கும். தாத்தா பாட்டி கல்யாண போட்டோவைப் பெரிசு பண்ணி அதுல மாட்டுங்க. ஜன்னலோரம் ஒரு பாட்டில் தண்ணியில மணி பிளான்ட் தண்டு. அது பக்கத்து வீட்டுல கேட்டாலே கிடைக்கும் :-)

கடைசியா, செலவே இல்லாத வேலை. அந்த அட்டைப்பெட்டிகளைப் பிரிச்சிடுங்க. எல்லாத்தையும் விட அறையை மாத்துறது அதுதான்.

கூட்டிப் பாருங்க, எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள்ள அடங்கிடும். குடும்பத்தோட ஒரு தடவை ஹோட்டல்ல சாப்பிட்டு சினிமா பார்த்தா ஆகிற செலவு.

"சிக்கனமா இருந்தாத்தானே ஊர்ல வீடு கட்ட முடியும்?"னு கேப்பீங்க. நியாயம்தான், கட்டுங்க. ஆனா மூவாயிரம் ரூபாயால எந்த வீட்டு அஸ்திவாரமும் நின்னு போகாது. பிள்ளைங்க இங்கேதான் வளர்றாங்க, நமக்கும் இங்கேதான் நரைக்குது. படுத்து எழுந்திரிக்கிற அறையையாவது நம்ம வீடுன்னு ஒத்துக்குவோமே.