அரை நொடிக் கதவும் பத்து நிமிடப் பேரேடும்

ஓரிரு நாளில் மென்பொருள் மாதிரியைக் கட்டிமுடிக்கும் ஹேக்கத்தான் போட்டியில் பிட்காயின் பயணச்சீட்டுச் செயலி உருவாகிவிட்டதால் லண்டன் சுரங்க ரயிலின் அட்டைமுறை காலாவதியாகிவிட்டது என்று வாதிடுவோர், கதவைத் திறப்பதையும் கட்டணம் பிடிப்பதையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கின்றனர். 2014 முதல் அங்கே ஏற்கப்படும் வங்கி அட்டையை வாயிலில் காட்டியதும், வங்கியின் பதிலுக்குக் காத்திராமல் அரை நொடியளவில் கதவு திறக்கிறது. பணமோ அன்றைய பயணங்களெல்லாம் தொகுக்கப்பட்டு, ஒரு நாளுக்குரிய கட்டண உச்சவரம்பும் கணக்கிடப்பட்ட பின்னரே பிடிக்கப்படுகிறது. பரிவர்த்தனைகளைப் பதிந்து பூட்டும் பேரேட்டுப் பக்கமான பிளாக், பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான் உருவாகும். அதன்மேல் இயங்கும் லைட்னிங் வலையமைப்பு நொடிகளில் வேலையை முடிக்கும் என்பது உண்மையே; ஆயினும் அதற்குப் பயணியின் கைப்பேசி இணையத்தில் இருந்தாக வேண்டும், அட்டைக்கோ மின்னேற்றமும் தேவையில்லை. வெளியேறுகையில் அட்டையைக் காட்ட மறந்தவரிடம் கூடுதலாகப் பிடித்த தொகையை யார், எவ்வாறு திருப்பித் தருவது என்பதை நடுவர்கள்முன் நிகழும் செயல்விளக்கம் தொடுவதே இல்லை.