பத்து நிமிடப் படமும் இருபத்துநான்கு ஆண்டு மௌனமும்

அவுஸ்திரேலியாவில் நிறுவனங்களுக்குள் சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதை விசாரித்த அரச ஆணைக்குழு 2013 முதல் 2017 வரை இயங்கியது. தேவாலயம், பாடசாலை, அனாதை இல்லம், விளையாட்டுக் கழகம் என எதையும் அது விட்டுவைக்கவில்லை. எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆணையாளர்கள் முன் தனியறையில் உட்கார்ந்து பேசினார்கள். சிறுவயதில் தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக இன்னொருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்திருந்தன.

இந்தக் கணக்கை இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 2004 டிசம்பர் 26 காலையில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஊர்களின் கடலோர வீடுகளைச் சுனாமி அலை அள்ளிக்கொண்டு போனது. தாயை இழந்த பிள்ளைகள் உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் விடுதிகளிலும் வளர்ந்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளை, அலை வந்துபோன கையோடு, எட்டு வயதில், தன்னைக் காக்க வேண்டியவரின் கையாலேயே கெடுக்கப்பட்டிருந்தால், அந்தச் சராசரிப்படி 2028இல்தான் அது வாய் திறக்கும். இன்று அதற்கு முப்பது வயதளவில் ஆகியிருக்கும். நம் தெருவில்தான் அது நடந்து போகிறது. நம் கலியாண வீட்டில் சாப்பாடு பரிமாறுகிறது. தன் பிள்ளையை யாரிடம் ஓத அனுப்புவது என்று இரவில் விழித்துக் கிடந்து யோசிக்கிறது.

அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு குறும்படம் இந்தக் கரையில் எடுக்கப்பட வேண்டும், இந்தக் கரையிலேயே காட்டப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. நூறு கூட்டங்களும் ஆயிரம் துண்டுப்பிரசுரங்களும் செய்யாததைப் பத்து நிமிடப் படம் ஒன்று செய்துவிடக்கூடும்.

இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. இந்தியாவில் சைல்ட்லைன் அமைப்பு வெளியிட்ட 'கோமல்' என்ற சின்னஞ்சிறு அனிமேஷன் படத்தில் தீங்கு செய்பவர் முகமூடித் திருடனல்ல. தகப்பனின் நண்பர், அயல்வீட்டு மாமா, இனிப்பு வாங்கித் தருபவர். பிள்ளை முதலில் குழம்புகிறது, பிறகு பயப்படுகிறது, பிறகு சொல்கிறது. சொன்னதும் வீடு அதை நம்புகிறது. அவ்வளவுதான் கதை. போலந்தில் 2019 மே மாதம் செக்கீல்ஸ்கி சகோதரர்கள் 'யாரிடமும் சொல்லாதே' என்ற ஆவணப்படத்தை யூடியூப்பில் இலவசமாக வெளியிட்டார்கள். பொதுமக்கள் தந்த பணத்தில் எடுத்த படம் அது. சிறுவயதில் பாதிரிமாரால் கெடுக்கப்பட்டவர்கள், வளர்ந்தபின் அதே பாதிரிமாரின் முன் போய் நின்று கேட்டார்கள். சில வாரங்களிலேயே பார்வைகள் இரண்டு கோடியைத் தாண்டின. மத நம்பிக்கையில் ஊறிய அந்த நாடு, தன் திருச்சபையைப் பற்றி அதுவரை அடுக்களையில் மட்டும் கிசுகிசுத்ததைப் பாராளுமன்றத்தில் பேச வேண்டியதாயிற்று.

நம் மொழிக்குள், நம் தீவிலிருந்தே புறப்பட்ட ஒரு வரலாறும் இருக்கிறது. மாத்தளையில் பிறந்த பிரேமானந்தா என்ற சாமியார் அங்கே ஆச்சிரமம் நடத்தி வந்தார். 1983 இனக்கலவரத்தோடு அது அழிந்தது. மறு ஆண்டு அவர் அனாதைப் பிள்ளைகளோடு தமிழ்நாடு போனார். திருச்சிக்கு அருகே பாத்திமா நகரில் புதிய ஆச்சிரமம் எழுந்தது. அங்கிருந்த பிள்ளைகளில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். போர் அவர்களிடமிருந்து பெற்றோரைப் பறித்தது. சாமியார் அவர்களுக்குத் தகப்பனுமானார், தெய்வமுமானார். 1994இல் ஆச்சிரமத்தைவிட்டுத் தப்பி வந்த ஒரு பெண்பிள்ளை பேசியபோதுதான் உள்ளே நடந்தது உலகத்துக்குத் தெரிந்தது. கலைக்கப்பட்ட கருவின் மரபணுப் பரிசோதனை வழக்கின் முக்கிய சான்றாயிற்று. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை நீதிமன்றத்தில் நீதிபதி பானுமதி, பதின்மூன்று பெண்பிள்ளைகள் மீதான வன்புணர்வுக்கும் ஒரு கொலைக்குமாக இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். 2005இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2011இல் பிரேமானந்தா தண்டனைக் கைதியாகவே இறந்தார்.

ஆனாலும் பக்தர்கள் குறையவில்லை. இலங்கையின் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து வட மாகாண முதலமைச்சரான சி.வி. விக்னேஸ்வரன், பிரேமானந்தாவோடு தண்டிக்கப்பட்டவர்களை விடுவிக்கும்படி இந்தியப் பிரதமருக்கு மடல் எழுதினார். சட்டம் படித்து, தீர்ப்பு எழுதிப் பழகிய ஒருவருக்கே குருவின் மீதான நம்பிக்கை தீர்ப்பைவிடக் கனத்தது. அப்படியானால் எட்டு வயதுப் பிள்ளை எந்தத் துணிவில் பேசும்? எழுத்தறியாத தாய் எப்படி எதிர்த்து நிற்பாள்?

இது எந்த மதத்துக்கும் சொந்தமான குற்றமல்ல. இலண்டன் குரோய்டனில் இலங்கைப் பௌத்த விகாரை ஒன்றின் தலைமைத் தேரர், 1970களில் ஒரு சிறுமிக்குச் செய்ததற்காக 2012இல் சிறை சென்றார். அங்கும் இடையில் ஓடியது முப்பது ஆண்டுகளுக்கு மேல். மரியாதை எங்கே கேள்விக்கு அப்பாற்பட்டதாகிறதோ, கதவு எங்கே உள்ளிருந்து பூட்டப்படுகிறதோ, அங்கெல்லாம் இது நடக்கும்.

அந்த மரியாதை நம் கரையில் எப்படி வளர்ந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். அதன்பின் வயலுக்குப் போகவும் கடலுக்குப் போகவும் பயந்த ஆண்டுகள். பிறகு சுனாமி. 2018 பெப்ரவரியில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு பொய்யைக் கிளப்பி அம்பாறை நகரப் பள்ளிவாசலைத் தாக்கினார்கள். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்தன. இறந்த பதினைந்து பேரில் ஆறு பேர் சிறுவர்கள். அந்த ஏப்ரலின் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, எந்தப் பாவமும் அறியாத ஊர்கள் சோதனைக்கும் சந்தேகத்துக்கும் உள்ளாகின. 2020இல் கொவிட் தொற்றில் இறந்த நம்மவர்களின் ஜனாஸாக்களைக்கூட எரித்தார்கள்.

இந்த ஒவ்வொரு நாளிலும் நம்மோடு நின்றவர்கள் யார்? மையித்தை எடுத்து அடக்கியவர்கள், அகதிக்குச் சோறு ஆக்கியவர்கள், பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகாமல் பார்த்தவர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், மௌலவிமார், ஆசிரியர்கள். அவர்கள் மீது ஊர் வைத்த நம்பிக்கை உழைத்துப் பெற்றது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதற்கு உரியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நல்லவர்கள் சேர்த்துவைத்த மரியாதையின் நிழலில்தான் கெட்டவன் ஒருவன் ஒளிந்துகொள்கிறான். வெளியார் தாக்கத் தாக்க, 'உள்வீட்டுக் கதையை வெளியே சொல்லாதே, எதிரிக்கு வாய் கொடுக்காதே' என்ற எச்சரிக்கை நம்முள் இறுகிப்போனது. ஊரின் மானம் காக்கப்பட்டது. விலையைக் கொடுத்தது பிள்ளைகள்.

பேசியவர்களுக்கு நேர்ந்ததையும் நாம் பார்த்தோம். ஏறாவூர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் 2012இல் பிபிசி தமிழோசைக்குச் சொன்ன ஒரு கருத்துக்காக மிரட்டப்பட்டு நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. அந்தக் கருத்தோடு யாரும் உடன்படலாம், முரண்படலாம். ஆனால் வளர்ந்த, எழுதத் தெரிந்த, பெயர் பெற்ற ஒரு பெண்ணுக்கே இந்தக் கதி என்பதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிகள் என்ன பாடம் படித்திருப்பார்கள்?

2019க்குப் பிறகு மத்ரஸாக்களைப் பற்றி நாடு முழுதும் பேசியது. அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது என்று அரசாங்கம் கேட்டது. அங்கே தங்கும் பிள்ளைகள் இரவில் பயமில்லாமல் உறங்குகிறார்களா என்று எவரும் கேட்கவில்லை. சந்தேகத்துக்குப் பதில் சொல்வதிலேயே மூச்சு முட்டிய நாமும் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் சாய்ந்தமருது மத்ரஸா ஒன்றில் பதின்மூன்று வயது மாணவன் இறந்து கிடந்தான். பொறுப்பாயிருந்த மௌலவி கைது செய்யப்பட்டார். அந்த மரணம் எப்படி நேர்ந்தது என்பதைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம். விடுதியில் தங்கும் ஒரு பிள்ளைக்கு ஏதும் துன்பம் என்றால், அது போய்ச் சொல்ல அந்தச் சுவருக்கு வெளியே யார் இருக்கிறார்கள்?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் தனிக் குற்றமாயிற்று. சிறுவர் நிறுவனங்களை நடத்துவோர் தம் பதவியைப் பயன்படுத்திச் செய்யும் வன்புணர்வுக்குத் தண்டனை கூட்டப்பட்டது. 1998இன் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உருவாக்கியது. 1999இன் சட்டமொன்று, சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றத்தில் முன்வைக்க வழி செய்தது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இலும் 2023இலும் சட்டங்கள் வந்தன. கல்முனையில் மேல் நீதிமன்றமும் இருக்கிறது, சட்ட வைத்திய அதிகாரியிடம் போக வைத்தியசாலையும் இருக்கிறது. எல்லாம் இருந்தும், பிள்ளை முதலில் வாய் திறப்பது உம்மாவிடம். 'ஊர் கதைக்கும், சும்மா இரு' என்று உம்மா சொல்லிவிட்டால் அந்தச் சட்டங்கள் அத்தனையும் அந்த நிமிடமே அடுக்களையில் செத்துப்போகின்றன.

குறும்படம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த அடுக்களைதான். அதனால் அது நம் பேச்சில் இருக்க வேண்டும். 'உம்மா, நான் இனி ஓதப் போக மாட்டன்' என்று பிள்ளை சொல்லும் நாளில் தொடங்கலாம். அடம், சோம்பல், ஷைத்தானின் வேலை என்று வீடு நினைப்பதைக் காட்டலாம். கெடுப்பவனை மீசை முறுக்கிய வில்லனாக்கிவிட்டால் படம் தோற்றது. அவன் அன்பானவனாக, கெட்டிக்காரனாக, ஊர் மதிப்பவனாகத்தான் இருப்பான். ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துப் புகழ்வான், சின்னச் சின்னப் பரிசு தருவான், 'நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள ரகசியம்' என்பான், கடைசியில் 'சொன்னா உன்னத்தான் ஏசுவாங்க' என்பான். இந்தப் படிகளை ஒரு தகப்பன் திரையில் பார்த்துவிட்டால் வாழ்க்கையில் அடையாளம் கண்டுகொள்வார். கொடுமையைக் காட்சியாக்கத் தேவையில்லை, கூடவும் கூடாது. படத்தின் பெரும்பகுதி அதற்குப் பிந்திய வாழ்க்கையாக இருக்கட்டும். படித்து, மணந்து, பிள்ளை பெற்று, தொழுது, அழுது, ஒரு நாள் பேசி, பேசியபின் நிமிர்ந்து நடக்கும் ஒருத்தி. கெடுக்கப்பட்டதால் அவள் வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்பதைக் காணும்போதுதான், பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருத்திக்கு நாக்கு அசையும்.

ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கவிதையும் நாடகமும் கதையும் தந்த ஊர்கள் இவை. எடுப்பதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. சினிமாவே ஆகாது என்பவர்களின் வீட்டிலும் கைபேசி இருக்கிறது, அதில் பிள்ளைகள் என்னென்னவோ பார்க்கிறார்கள். தாய்மாருக்குத் தனியாக, ஆசிரியர்களுக்குத் தனியாக, மத்ரஸா நிர்வாகிகளுக்குத் தனியாகக் காட்டலாம். காட்டும் இடத்தில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். படம் முடிந்ததும் யாரோ ஒருவர் அழத் தொடங்குவார். அவரைத் தனியே விட்டுவிட்டுக் கதிரைகளை அடுக்கக் கூடாது.

படத்தோடு முடிவதுமல்ல. பிள்ளைகள் தங்கும் எந்த இடத்திலும் பூட்டிய அறைக்குள் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கக் கூடாது என்ற ஒழுங்கைப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் எழுதி ஒட்ட வேண்டும். குற்றச்சாட்டு வந்தால் விசாரித்துச் சமாதானம் பேசுவதும், ஆளை வேறு ஊருக்கு அனுப்பிவைப்பதும் நிர்வாகத்தின் வேலையல்ல. பொலிஸுக்குச் சொல்வதே அதன் வேலை. 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்' என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பழைய வழக்கத்தைப் பெற்றோர் கைவிட வேண்டும். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். அமானிதத்தை ஒப்படைத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

இதை வாசிக்கும் தாய் தகப்பன்மாருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளை தயங்கித் தயங்கி எதையாவது சொல்ல வந்தால், யார் பெயரைச் சொன்னாலும், முதலில் நம்புங்கள். 'நீ பிழை செய்யல்ல மகள்', 'நீ பிழை செய்யல்ல மகன்' என்று சொல்லுங்கள். பிறகு 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.