ஆட்சேபணை உண்டா?

ஆட்சேபணை உண்டா? — ஆங்கில நாட்டு மாதா கோயிலிலே, மணவினைக்கு முன்பு பாதிரியார் எழுப்பும் கேள்வி இது. மணமக்கள் எதிரே நிற்கிறார்கள். உற்றார் உறவினர் பின்னே அமர்ந்திருக்கிறார்கள். இவ்விருவரும் இணையக் கூடாது என்பதற்குத் தக்க காரணம் அறிந்தவர் எவரேனும் உளரோ, உளரெனில் இப்போதே உரைத்திடுக என்று கேட்கிறார். பெரும்பாலும் பதில் இராது. ஒரு விநாடி அமைதி. பிறகு மோதிரம் மாறும், மணம் முடியும்.

1948-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், இலண்டன் மாநகரிலே ஒரு மணத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே பாதிரியாருக்குக் கிட்டவில்லை. கேட்கும் முன்பே பதில்கள் வந்து குவிந்துவிட்டன! மணமகனின் சிற்றப்பன் கடல் கடந்து தந்தி அடித்தார். மதப் பிரசார சங்கத்தார் ஓடோடி வந்து தடுத்தனர். பாதிரியார் கையைப் பிசைந்துகொண்டு பிஷப்பிடம் போகச் சொன்னார். இலண்டன் பிஷப்போ, சர்க்கார் சம்மதித்தால் எனக்கும் சம்மதம் என்றார். ஆண்டவன் சந்நிதியில் நடக்க வேண்டிய மணத்துக்கு, அமைச்சரின் அலுவலகத்திலே அனுமதிச் சீட்டு வாங்கி வரவேண்டுமாம்! மணமக்கள் காத்திருக்கவில்லை. செப்டம்பர் 29-ல் கென்சிங்டன் பதிவு அலுவலகத்துக்குச் சென்றனர், கையெழுத்திட்டனர், கணவனும் மனைவியும் ஆயினர்.

மணமகன் செரெட்சே காமா, வயது 27. மணமகள் ரூத் வில்லியம்ஸ், வயது 24. அவன் கறுப்பன், அவள் வெள்ளைக்காரி. குற்றம் அவ்வளவுதான்.

செரெட்சே, ஏதோ வழிதவறி இலண்டனுக்கு வந்த இளைஞன் அல்ல. தென் ஆப்பிரிக்காவுக்கு வடக்கே, அன்று பெச்சுவானாலாந்து என்று அழைக்கப்பட்ட நாட்டிலே, பாமங்வாட்டோ மக்களின் தலைமைப் பீடத்துக்கு உரியவன். தந்தை மறைந்தபோது அவனுக்கு வயது நான்கு. அவன் ஆளாகும் வரையில் ஆட்சிப் பொறுப்பைத் தாங்கியவர் சிற்றப்பன் செகெடி காமா. பாட்டன் மூன்றாம் காமா, 1895-ல் வேறு இரு தலைவர்களுடன் இலண்டனுக்கே சென்று, எங்கள் மண்ணை சிசில் ரோட்ஸ் என்னும் பணமூட்டையிடம் ஒப்படைக்காதீர் என்று வழக்குரைத்து வென்றவர். அந்தக் கால்வழியில் வந்த பிள்ளை ஆக்ஸ்போர்டில் பயின்று, பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் வந்து சேர்ந்தான்.

ரூத், இலண்டனில் இன்ஷூரன்ஸ் தொழிலகம் ஒன்றில் எழுத்தர். போர்க்காலத்தில் விமானப்படையின் மகளிர் பிரிவில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். அவளுடைய தந்தை நம் இந்தியாவிலே பட்டாளத்து அதிகாரியாக இருந்தவராம்! வெள்ளைச் சோல்ஜர் வீட்டுப் பெண் கறுப்பனைக் காதலிப்பதா என்று அந்த வீட்டிலும் புயல் வீசியது. 1947-ல் ஒரு நடன விருந்தில் சந்தித்தவர்கள் இவர்கள். ஜாஸ் இசையில் இருவருக்கும் ஒரே பித்து. பேச்சு வளர்ந்தது, நட்பாயிற்று, ஓராண்டில் காதலாய்க் கனிந்தது.

இதற்கா இத்தனை கூக்குரல்? ஆம். கூக்குரலிட்டோர் பலர், அவரவருக்கும் ஒவ்வொரு காரணம். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

சிற்றப்பன் செகெடியின் எதிர்ப்பை நாம் ஒப்பவில்லை. ஆனால் அதிலே கள்ளமில்லை என்பதை ஒப்புகிறோம். தலைவனின் மனைவி என்பவள் ஒருவனுக்கு மட்டும் மனைவியல்ல, ஊருக்கே தாய். அவள் யாரென்பதை மக்கள் கூடிப் பேசி முடிவு செய்வதே எங்கள் மரபு. எவரையும் கேளாமல் கடல் கடந்து மணமுடித்தது முறையா? என்று கேட்டார் அவர். அந்தக் கேள்வியை ஒளிந்து நின்று கேட்கவில்லை. ஊர் மன்றத்திலே, வெட்ட வெளியிலே, அண்ணன் மகனின் முகத்துக்கு நேரே கேட்டார். செரெட்சேயும் ஓடி ஒளியவில்லை. மனைவியை இலண்டனில் விட்டுவிட்டுத் தனியாகவே ஊர் திரும்பி, அந்த மன்றத்தின் நடுவிலே நின்றான்.

செரோவே என்பது ஊர். கோட்லா என்பது மன்றம். 1948 நவம்பரில் கூடிய மன்றம் மணத்தைக் கண்டித்தது. டிசம்பரில் மீண்டும் கூடியது. சூடு சற்றே தணிந்திருந்தது. 1949 ஜூனில் மூன்றாம் முறை. நாள் கணக்கில் பேசினார்கள். முதியோர் பேசினர், இளைஞர் பேசினர், எதிர்ப்பவர் பேசினர், ஆதரிப்பவர் பேசினர். கடைசியில் எழுந்தான் செரெட்சே. என் மனைவியை ஏற்க மறுப்போர் எழுந்து நில்லுங்கள் என்றான். எழுந்தவர் சிலர். ஏற்போர் எழுந்திருங்கள் என்றான். எழுந்தது ஆயிரக்கணக்கான கூட்டம்! ஆரவாரம் விண்ணைப் பிளந்தது. ஏழு திங்களுக்கு முன்பு மறுத்த மக்கள், விவாதித்து, யோசித்து, மனம் மாறினர். எவரும் அவர்களை மிரட்டவில்லை, விலைக்கும் வாங்கவில்லை. படிப்பறியாப் பாமரர் என்று துரைமார் ஏசிய மக்கள் நடத்திக் காட்டிய ஜனநாயகம் இது! ஆகஸ்டில் ரூத் அந்த மண்ணிலே கால் வைத்தாள். செகெடி, தன் ஆதரவாளருடன் ஊரைவிட்டு வெளியேறினார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மணமக்களுக்குச் சம்மதம், ஊருக்கும் சம்மதம். இனி ஆட்சேபிக்க எவருக்கு உரிமை?

எல்லைக்கு அப்பால் எழுந்தது உறுமல். 1948 மே திங்களில் தென் ஆப்பிரிக்காவில் மலான் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. வெள்ளையரும் மற்றவரும் மணப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை 1949-ல் அது நிறைவேற்றியது. சட்டத்தின் மை உலரும் நேரத்தில், எல்லையின் மறுபுறத்திலே கறுப்பர் தலைவனும் வெள்ளை மனைவியும் கைகோத்து உலவுகிறார்கள்! அவர்களைக் கண்டு தம் நாட்டுக் கறுப்பர் என்ன நினைப்பர், வெள்ளைப் பெண்கள் என்ன நினைப்பர்? பதறினார் மலான். இருவரும் தென் ஆப்பிரிக்க மண்ணை மிதிக்கலாகாது என்று ஆணை பிறந்தது.

இந்தத் தென் ஆப்பிரிக்கா நமக்குப் புதிதல்ல. 1913-ல் அங்கே கேப் மாகாண நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடவாத மணங்கள் செல்லா என்று தீர்ப்பளித்தது. தாலி கட்டிய தமிழ்ப் பெண்கள் ஒரே நாளில் மனைவியர் அல்லர் ஆயினர். அந்த ஆண்டு மூண்ட போராட்டத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை சிறை புகுந்தாள், நோயுற்றாள், வெளிவந்து 1914 பிப்ரவரியில் மாண்டாள். மணத்தில் மூக்கை நுழைப்பது அந்நாட்டு வெள்ளை ஆட்சிக்குப் பழகிப்போன தொழில்.

மலான் வெறியர், வெறியை மறைத்தவரும் அல்லர். நமது கோபம் அவர்மீது மட்டுமல்ல. அன்று பிரிட்டனை ஆண்டது யார்? தொழிற்கட்சி! சமத்துவம் பேசுவோர், சமதர்மம் பேசுவோர், உலகத் தொழிலாளரின் தோழர்கள்! அட்லி பிரதமர். அவர்களுக்குத் தென் ஆப்பிரிக்காவின் தங்கம் தேவை, யுரேனியம் தேவை. மலான் சினந்தால் பெச்சுவானாலாந்தையே விழுங்கிவிடுவார் என்ற அச்சம் வேறு. ஆனால் மலானுக்காக இந்த மணத்தை எதிர்க்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஆகவே அமைத்தார்கள் ஒரு விசாரணை. செரெட்சே தலைவனாகத் தகுதி உள்ளவன்தானா என்று ஆராய நீதிபதி ஹாராகின் அமர்ந்தார்.

அவர் கண்டதென்ன? அறிவுண்டு, கல்வியுண்டு, மக்களின் ஆதரவும் உண்டு. ஆயினும் தலைவனாக்குவது தகாதாம்! ஏன்? பெச்சுவானாலாந்தின் நிர்வாகத் தலைமையகம் மாபெகிங் நகரில் இருந்தது. அந்த நகரமோ பெச்சுவானாலாந்திலேயே இல்லை, தென் ஆப்பிரிக்காவில் இருந்தது. தென் ஆப்பிரிக்காவோ செரெட்சேயை உள்ளே விடாது. தலைமையகத்துக்குப் போக முடியாதவன் எப்படித் தலைவனாவது? — இது ஒரு காரணம். அண்டை நாட்டின் நட்பு கெடும் என்பது மற்றொன்று. ஒருவனுடைய வீட்டுத் திண்ணையை அடுத்த வீட்டிலே கட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்காரன் உன்னை உள்ளே விடமாட்டான், ஆகவே உன் வீடும் உனக்கில்லை என்கிற வாதம்! அறிக்கையை வெளியிடத் துரைத்தனத்தாருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பெட்டியிலே வைத்துப் பூட்டினர். பல பத்தாண்டுகள் அது வெளிச்சம் காணவில்லை.

1950 பிப்ரவரியில், பேசுவோம் வா என்று செரெட்சேயை இலண்டனுக்கு அழைத்தனர். ரூத் கருவுற்றிருந்தாள். சூது இருக்கிறது என்று ஐயுற்று, நான் வரவில்லை என்று செரோவேயிலேயே தங்கிவிட்டாள். அந்த ஐயம் பொய்க்கவில்லை. தலைமையைத் துறந்தால் ஆண்டுக்கு 1,100 பவுன் தருகிறோம் என்றனர். மறுத்தான். மார்ச்சில் பார்லிமெண்டிலே அறிவித்தனர்: ஐந்தாண்டுக் காலம் சொந்த நாட்டிலே அவன் வாழக்கூடாது! மே திங்களில் பிறந்தது பெண் குழந்தை. தகப்பன் நாடு கடத்தப்பட்டவன், தாய் அந்நிய நாட்டாள், ஊரோ அந்தத் தாயைத் தன்னவள் என்கிறது. இப்போது சொல்லுங்கள், யாருக்கு எது அந்நியம்?

அப்போது எதிர்க்கட்சி வரிசையிலே இருந்த சர்ச்சில், இது நேர்மையற்ற காரியம் என்று பொருள்படச் சாடினார். நல்லது என்று மகிழ்ந்தோர் உண்டு. 1951-ல் ஆட்சி அவருடையதாயிற்று. 1952-ல் அவருடைய அமைச்சர் சாலிஸ்பரி பிரபு, ஐந்தாண்டு விலக்கை நிரந்தர விலக்காக்கினார்! எதிர்க்கட்சி ஆசனத்தில் இருக்கும் மனச்சாட்சி, ஆளுங்கட்சி ஆசனத்துக்கு மாறும்போது கூடவே எழுந்து வருவதில்லை போலும். செரோவேயில் கலவரம் மூண்டது, போலீசார் மூவர் மாண்டனர். வேறு தலைவனைத் தேர்ந்தெடுங்கள் என்றது சர்க்கார். மக்கள் மறுத்தனர்.

முடிச்சை அவிழ்த்தவர் யார் தெரியுமா? அந்தச் சிற்றப்பன் செகெடியேதான்! 1956-ல் இலண்டன் சென்று அண்ணன் மகனோடு சமரசமானார். தலைமை உரிமையை இருவருமே துறந்தனர். சாதாரணக் குடிமகனாகச் செரெட்சே மனைவி மக்களோடு ஊர் திரும்பினான். முதலில் எதிர்த்த உறவினர் முதலில் மனம் திரும்பினார். உறவுக்காரனின் கோபத்துக்கும் ஆதிக்கக்காரனின் சூழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு அதுதான். கோபம் தணியும். சூழ்ச்சிக்குத் தணிவது என்பதே தெரியாது, ஆதாயம் தீர்ந்தால்தான் விலகும்.

இன்று பிஷப்பும் இல்லை, மலானும் இல்லை. ஆட்சேபணை போய்விட்டதா? வேறு உடை உடுத்து வந்திருக்கிறது. அதே பிரிட்டனிலே, வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ அழைத்துவர விரும்பும் குடிமகன் ஆண்டுக்கு 18,600 பவுன் வருமானம் காட்ட வேண்டும் என்று 2012-ல் விதித்தனர். 2024 ஏப்ரலில் அது 29,000 ஆயிற்று. நிறத்தைக் கேட்டவர்கள் இப்போது சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். கடையிலே நின்று கூலி வாங்கும் பெண்ணுக்குக் காதல் வரலாம், கணவன் வரமுடியாது! நம் நாட்டின் கதையும் பெருமைப்படும்படி இல்லை. வெளிநாட்டவரை இங்கே மணப்போர் நாடும் 1954-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டம், மணத்துக்கு முன்பு அறிவிப்பை ஒட்டி, முப்பது நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருக்கச் சொல்கிறது. வயது குறைவு, முன்மணம் போன்ற சில காரணங்களைத்தான் சட்டம் ஏற்கும். ஆனால் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத் தடியோடு வருபவன் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டா வருகிறான்? காரணம் இருப்பவன் மன்றத்துக்கு வரட்டும், செகெடி வந்ததுபோல். ஒவ்வொரு காதலரையும் முப்பது நாள் கூண்டிலே நிறுத்துவானேன்?

செரெட்சே 1962-ல் கட்சி கண்டார். 1965 தேர்தலில் 31 இடங்களில் 28 அவருடைய கட்சிக்கு. 1966 செப்டம்பர் 30-ல் போட்ஸ்வானா என்ற பெயரோடு நாடு விடுதலை பெற, முதல் குடியரசுத் தலைவரானார். நாடு கடத்திய அதே பிரிட்டன், அவருக்கு 'சர்' பட்டமும் சூட்டியது! முன்பு ஆகாதவளாய் இருந்த அந்த எழுத்தர் பெண், இப்போது லேடி காமா. அந்நாட்டார் வாழ்த்தொலிக்கும் சொல் 'பூலா', அதாவது மழை. 1976-ல் தம் நாணயத்துக்கும் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார்கள்.

1980-ல் கணவர் மறைந்தார். கலப்பு மணத்தைத் தடுத்த தென் ஆப்பிரிக்கச் சட்டத்தை, அதைக் கொண்டுவந்த கட்சியே 1985-ல் நீக்கியது. அவர் காண இல்லை. ரூத் இலண்டன் திரும்பவில்லை. செஞ்சிலுவைப் பணியிலே நாட்களைக் கழித்துக்கொண்டு போட்ஸ்வானாவிலேயே இருந்தார். அவருடைய மகன் 2008-ல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானதைக் காணவும் அவர் இல்லை. 2002-ல் காலமாகி, ஆயிரக்கணக்கானோர் தமக்காக எழுந்து நின்ற அதே செரோவேயில், கணவர் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.