தண்ணீர் பட்டதும் சூடாகும் ஸ்க்ரப்... அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

சித்திரை மாதத்து மதுரையில் சூட்டை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பகல் 2 மணிக்குக் குழாயைத் திறந்தால், மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வருவதே வெந்நீர்தான். பாதி ஊர் ஜிகர்தண்டா கடை வாசலில் நிற்கும். அந்த ஊரில் இருப்பவர்களின் செல்போனிலும் 'தானே சூடாகும் பாடி ஸ்க்ரப்' விளம்பரம் வந்து நிற்கிறது.

அடுப்பு வேண்டாம், கரன்ட் வேண்டாம். டியூபிலிருந்து பிதுக்கும்போது சாதாரணக் களிம்பு. ஈரக் கையில் வைத்துத் தேய்த்தால் சில நொடிகளில் இளஞ்சூடு. ஓரிரு நிமிடத்தில் ஆறியும் விடும். 'தோலின் துவாரங்களைத் திறக்கும்', 'நச்சை வெளியேற்றும்', சில டியூப்களில் 'கொழுப்பைக் கரைக்கும்' என்றுகூட அச்சடித்திருக்கிறார்கள்.

இதில் சூடு மட்டும் உண்மை. மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஆனால், வீட்டில் சிலருக்கு அந்த உண்மையான சூடுதான் பிரச்னை. அதைப் புரிந்துகொள்ள, சூடு பிறக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பானையில் கொதித்த சுண்ணாம்பு

துணி துவைக்கும் பவுடரைக் கொஞ்சம் ஈரக் கையில் எடுத்தவர்களுக்கு இந்த ரகசியம் ஏற்கெனவே தெரியும். உள்ளங்கை வெதுவெதுப்பாகும். பவுடரில் இருக்கும், ஈரம் நீக்கிய சோடா உப்பு தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது.

இன்னும் பெரிய உதாரணம், பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த காலத்தில் திருமங்கலம், பேரையூர், மேலூர் பக்கத்துக் கிராமத்து முற்றங்களில் நடந்தது. நீற்றாத சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினால், அடியில் ஒரு சுள்ளி நெருப்பு இல்லாமலே தளதளவென்று கொதிக்கும். "கிட்டப் போகாதீங்கடா" என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். சூளையில் சுண்ணாம்பைச் சுட்டபோது உள்ளே போன வெப்பத்தில் ஒரு பங்கு, தண்ணீர் பட்டதும் திரும்ப வெளியே வருகிறது. பள்ளிப் புத்தகம் இதை வெப்ப உமிழ் வினை என்கிறது. 1636-ல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் பளபளக்கும் சுதை வேலைக்கான சுண்ணாம்பும் இப்படிக் கொதித்து அடங்கியதுதான்.

சுண்ணாம்பைத் தோலில் வைக்க முடியாது. தண்ணீரோடு சேர்ந்ததும் அது கடுமையான காரம். தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால், ஸ்க்ரப் தயாரிப்பவர்கள் அதே கணக்கை நிதானமான பொருள்களை வைத்துப் போடுகிறார்கள்.

அவற்றில் முக்கியமானது ஜியோலைட். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு கனிமம். தேன்கூடு மாதிரி உள்ளே முழுக்க நுண்ணிய அறைகள். வாசல் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான அகலம் என்பதால் தண்ணீர் மூலக்கூறு போன்ற சின்ன ஆள்களுக்குத்தான் அனுமதி. 1756-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் ஆக்செல் கிரான்ஸ்டெட் இப்படிப்பட்ட ஒரு கல்லைச் சூடாக்கியபோது அதிலிருந்து நீராவி கிளம்பியது. 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் ஜியோலைட்.

அவர் செய்ததைத் திருப்பிப் போட்டால் ஸ்க்ரப் கிடைத்துவிடும். தொழிற்சாலையில் ஜியோலைட்டை நன்றாகச் சூடாக்கி, அறைகளில் இருக்கும் தண்ணீரையெல்லாம் விரட்டிவிடுகிறார்கள். வத்தலைப் போலக் காய்ந்து கிடக்கும் அந்தப் பொடி, ஈரக் கையைத் தொட்டதும் தண்ணீரை அறைகளுக்குள் இழுக்கிறது. உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும் தண்ணீர் மூலக்கூறு, ஓடியாடும் ஆற்றலை வெப்பமாக விட்டுவிடுகிறது. அறைகள் நிறைந்ததும் கதை முடிந்தது. ஒரு முறை நனைந்த ஸ்க்ரப் மறுபடி சூடாகாததற்குக் காரணம் இதுதான். பொடி கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருப்பதால், சூடாக்கும் வேலையோடு தேய்க்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஜியோலைட் வேறொரு வேடத்தில் பலருக்கும் அறிமுகம் ஆனதுதான். 2021 கொரோனா இரண்டாம் அலையில் வீட்டுக்கு வீடு தேடி அலைந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்குள் இருப்பதும் ஜியோலைட் வகைதான். அங்கே அது பிடித்துவைப்பது நைட்ரஜனை.

ஜியோலைட்டோடு கிளிசரின், கிளைகால், பி.இ.ஜி போன்ற வழவழப்பான திரவங்களும் டியூபில் இருக்கும். இவையும் தண்ணீரோடு கலக்கும்போது கொஞ்சம் வெப்பம் தரும். சில தயாரிப்புகளில் ஈரம் நீக்கிய மெக்னீசியம் சல்ஃபேட் சேர்ப்பதும் உண்டு. இங்கே ஒரு வேடிக்கை. கடையில் எப்சம் உப்பு என்று விற்பதும் மெக்னீசியம் சல்ஃபேட்தான். ஆனால், அதற்குள் ஏற்கெனவே தண்ணீர் குடியிருக்கிறது. கரையும்போது சூடாகாது, மாறாகக் குளிரும். வீடியோ பார்த்து வீட்டிலேயே 'ஹாட் ஸ்க்ரப்' செய்ய முயன்று ஏமாறுபவர்கள் சுண்ணாம்பு, துவைக்கும் சோடா என்று அடுத்த டப்பாவைத் தேடிப் போகாமல் இருப்பது நல்லது.

இன்னொரு சூடு, பொய்ச் சூடு

'வார்மிங்' என்று எழுதியிருக்கும் எல்லா டியூபும் இந்த வகை அல்ல. சிலவற்றில் வெப்பமானியை வைத்தால் முள் அசையாது. ஆனாலும், தோல் சுடும்.

தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடும்போது சுரீரென்று ஏறுகிறதே, அந்தச் சூடுதான் இது. மிளகாய் கிள்ளிய கையின் எரிச்சலும் இதே இனம். தோலின் நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற ஒரு புரதம் உண்டு. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் திறந்துகொண்டு மூளைக்குத் தந்தி அடிக்கும் கதவு அது. மிளகாயின் கேப்சைசின், சுக்கிலும் மிளகிலும் இருக்கும் காரச் சத்துகள் ஆகியவற்றிடம் அந்தக் கதவுக்குக் கள்ளச்சாவி இருக்கிறது. சூடு இல்லாமலே 'சுடுகிறது' என்ற செய்தி போய்விடும். மிளகாயை வைத்து இந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கையில் இருப்பது எந்த வகை என்று பின் அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பொருள் பட்டியலில் 'அக்வா', அதாவது தண்ணீர், முதல் சில பெயர்களுக்குள் இருந்தால் அது தண்ணீரால் சூடாகும் ஸ்க்ரப்பாக இருக்க முடியாது. டியூபுக்குள்ளேயே எல்லாம் சூடாகி ஆறியிருக்கும். 'கேப்சிகம்', 'ஜிஞ்சர்', 'வனில்லில் பியூட்டைல் ஈதர்' என்ற பெயர்கள் இருந்தால் அது நரம்பை ஏமாற்றும் ரகம். ஜியோலைட்டும் கிளிசரினும் பி.இ.ஜி-யும் முன் வரிசையில் இருந்து, அக்வா எங்கேயும் இல்லையென்றால் நிஜச் சூடு.

நிஜச் சூடு எவ்வளவு? ஒரு டீஸ்பூன் ஸ்க்ரப்பும் கையின் ஈரமும் சேர்ந்து 30 கிராம் என்றும், அது 8 டிகிரி ஏறுகிறது என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் படித்த கணக்குப்படி சுமார் 240 கலோரி. இது உணவுப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் கலோரி இல்லை, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அரை வாளி, அதாவது 5 லிட்டர் தண்ணீரை அதே 8 டிகிரி சூடாக்கினால் 40,000 கலோரி. ஆக, விலை கொடுத்து வாங்கிய சூட்டைப் போல 160 மடங்குக்கும் மேல் அரை வாளி வெந்நீரில் இருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் கதையை இந்தக் கணக்கிலேயே மூட்டை கட்டிவிடலாம். துவாரங்களைத் திறந்து மூடத் தோலில் தசை எதுவும் கிடையாது. சூட்டில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். நச்சை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்கிற வேலை.

தோலின் இயல்பான வெப்பம் 33 டிகிரி வாக்கில்தான் இருக்கும். அதனால் ஏழெட்டு டிகிரி ஏறினாலே மனதுக்கு இதமாக இருக்கிறது. அந்த இதம் பொய்யில்லை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் காலையில் அதற்குக் காசு கொடுப்பவரைக் குறை சொல்ல முடியாது.

தேய்ப்பதில் என்ன இருக்கிறது?

தோலின் மேல் அடுக்கு, இறந்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கிய 15, 20 வரிசை. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். தேய்ப்பு அந்த உதிர்தலைக் கொஞ்சம் துரிதப்படுத்துகிறது. தோல் மழமழப்பாகத் தெரிவது அதனால்தான். அதிகமாகத் தேய்த்தால் ஓட்டையே பெயர்த்த கதை. ஈரம் உள்ளே நிற்காமல் தோல் வறண்டு எரியும். தண்ணீரே இல்லாத களிம்பில் சர்க்கரை, உப்புப் படிகங்கள் கரையாமல் கூர்மையாகவே இருக்கும் என்பதால், தானே சூடாகும் ஸ்க்ரப்பில் கையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. பழைய ஸ்க்ரப்களில் இருந்த பிளாஸ்டிக் நுண்மணிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2017-லேயே அழகு சாதனங்களுக்குப் பாதுகாப்பற்றவை என்று வகைப்படுத்திவிட்டது. பட்டியலில் 'பாலிஎத்திலீன்' என்று கண்ணில் பட்டால் டியூபைக் கடையிலேயே வைத்துவிடலாம். சாக்கடை வழியாக அது போய்ச் சேரும் இடம் ஆறும் கண்மாயும்தான்.

மதுரைப் பக்கம் இந்தத் தேய்ப்புக்கு நீண்ட பரம்பரை உண்டு. காய்ந்த பீர்க்கங்கூடு, குதிகாலுக்குத் துவைக்கிற கல், உடம்புக்கு நலங்கு மாவு. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் காயவைத்து, சீயக்காய் மிஷினில் கொடுத்து அரைப்பார்கள். உசிலம்பட்டிக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு; அதில் இருக்கும் சபோனின், சோப்பு போல நுரைத்து எண்ணெயைப் பிரிக்கும். எண்ணெய்க் குளியல் என்பதே மிளகும் சீரகமும் போட்டுச் சூடாக்கிய நல்லெண்ணெய், பிறகு தேய்க்க ஒரு மாவு, பிறகு வெந்நீர் என்ற வரிசைதான். இன்றைய டியூப் இந்த மூன்றையும் ஒரே பிதுக்கலில் தர முயல்கிறது. அந்தக் குளியலைப் 'உடம்புச் சூடு தணிய' என்று சொன்ன ஊரில் இதைச் சூட்டுக்காகவே விற்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

யாருக்கு வேண்டாம்?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டின் அளவு தேசிய சராசரியைவிட அதிகம். இதில் பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களில் பலருக்குப் பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. வெயிலில் கொதிக்கும் கோயில் பிராகாரக் கல்லில் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. 'சுடுகிறது' என்று சொல்ல வேண்டிய கதவு அவர்களுக்குத் திறப்பதே இல்லை.

பித்தவெடிப்புக்கு நல்லது என்று அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கப்படும் டியூப், போய்ச் சேருவது அந்தப் பாதத்துக்குத்தான். அங்கே சூட்டைவிடச் சொரசொரப்பு இன்னும் மோசம். தேய்த்ததில் விழுந்த சின்னக் கீறல் வலிக்காது. வலிக்காததால் யாரும் பார்க்க மாட்டார்கள். புண்ணாகி ஆறாமல் நிற்கும்போதுதான் மருத்துவமனை. கால் மரத்துப்போனவர்கள் வெந்நீரையே முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. அவர்களின் பாதத்துக்கு எந்த ஸ்க்ரப்பும் வேண்டாம், தானே சூடாவது நிச்சயம் வேண்டாம். கரப்பான், சொரியாசிஸ், வேனல் கட்டி, வெட்டுக் காயம் இருக்கும் இடத்திலும் கூடாது. வேக்ஸிங், ஷேவிங் செய்த அன்றும் கூடாது. குழந்தைகளுக்கு இது தேவையே இல்லை.

மற்றவர்கள் வாங்கியே தீருவது என்றால், முதல் நாள் முன்கையில் ஒரு பட்டாணி அளவு மட்டும். உடம்பு சொட்டச் சொட்ட நனைந்திருக்கக் கூடாது. தண்ணீர் கூடினால் இருக்கிற கொஞ்சச் சூடும் அதில் கரைந்துவிடும். கையை லேசாக நனைத்தால் போதும். ஈரக் கையை டப்பாவுக்குள் விடாமல், உலர்ந்த ஸ்பூனால் எடுத்து, மூடியை உடனே இறுக்கிவிட வேண்டும். ஐப்பசி மழை நேரத்தில் குளியலறையில் திறந்து கிடந்த டப்பா, காற்றின் ஈரத்தைக் குடித்தே தன் சூட்டையெல்லாம் யாருக்கும் தெரியாமல் செலவழித்திருக்கும்.