அனாமத்துக் கணக்கு

'எந்த ஊர் சார்?' என்று சென்னையில் யாராவது கேட்டால் 'ஆனைக்குட்டம்' என்பேன். 'யானைக்குட்டியா?' என்பார்கள். 'குட்டி இல்லை சார், குட்டம். குட்டம்னா ஆழமான தண்ணி...' என்று நான் விளக்கி முடிப்பதற்குள் எதிராளி காப்பியைக் குடித்து முடித்திருப்பார். அதனால் இப்போதெல்லாம் 'சிவகாசி பக்கம்' என்று சொல்லிவிடுகிறேன். 'அப்படியா! தீபாவளிக்கு ஒரு பாக்ஸ் பார்த்துப் பண்ணுங்களேன்' என்கிறார்கள். யானைக்குட்டியே தேவலை!

போகட்டும். போன தீபாவளி முடிந்த மறுவாரம் தொடங்கி, சரியாக முப்பது நாள் நான் ஒரு காரியம் செய்தேன். புத்தகம் படித்தேன். எழுதுகிறவன் படிப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? நீங்கள் எழுதுகிறவர்கள் யாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நான் பி.காம். பகலில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி, மாதாமாதம் இருபதாம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டன் போட்டுக் கொடுக்கிறேன். இரவில் இப்படி எழுதுகிறேன். முதல் வேலையில் காசு உண்டு, பெயர் இல்லை. இரண்டாவதில் பெயர் உண்டு. (வாக்கியம் அவ்வளவுதான்.)

விஷயம் அப்பாவிடமிருந்து ஆரம்பித்தது. அவருக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன். உள்ளே லென்ஸ் வைத்து, சொட்டு மருந்து கொடுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். தூரத்துப் பார்வை பளிச்சென்று வந்துவிட்டது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் காயும் வத்தலில் சோடை எத்தனை என்று இங்கிருந்தே சொல்கிறார். ஆனால் கையிலிருக்கிற பேப்பர் தெரியவில்லை. படிக்கிற கண்ணாடியை, கண் நன்றாக ஆறி நிலைக்கு வந்த பிறகு, ஒரு மாதம் கழித்துத்தான் எழுதித் தருவார்களாம்.

"மாமா சும்மாவே உக்காந்திருக்காங்க. நீங்கதான் பெரிய எழுத்தாளராச்சே, எதையாவது வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றாள் மனைவி. அந்தப் 'பெரிய'வில் அவள் கொடுத்த அழுத்தத்தை அச்சில் கொண்டுவர முடியாது.

எனக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை சுமுகம்தான். மாதத்துக்குச் சராசரியாக நாற்பது வார்த்தை பேசிக்கொள்வோம். அதில் முப்பது, 'ம்'.

* * *

அப்பா சிவகாசியில் அச்சகம் அச்சகமாக முப்பத்தெட்டு வருஷம் பைண்டிங் வேலை பார்த்தவர். 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத் தொழில்தான் இன்றைக்கு உங்கள் சுவரில் காலண்டராகத் தொங்குகிறது. ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியானால், அப்புறம் பைண்டர்களுக்குப் பொங்கல் வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. அப்பா லட்சக்கணக்கான பக்கங்களைப் பார்த்தவர். ஆனால் பார்த்ததெல்லாம் பக்க எண்ணை மட்டும்தான்!

முதல் நாள் ராத்திரி நான் ஒரு டைரியோடு உட்கார்ந்தேன். படித்ததைக் குறித்து வைத்தால் பின்னால் ஒரு கட்டுரையாவது தேறும் என்கிற நல்லெண்ணம். ஜனவரியில் நண்பன் ஒருவன் ஓசியில் கொடுத்த டைரி அது. அப்பா அதைக் கையில் வாங்கினார். முதுகின் தலைப்பக்கம் விரல் நுனியால் தடவி, உதட்டுக்குள் எண்ணினார்.

"இருபத்து மூணு பாரம்தான் இருக்கு. நாளுக்கு ஒரு பக்கம் டைரின்னா இருபத்து நாலு வேணும். எவன்யா அடுக்குனது?"

புரட்டிப் பார்த்தேன். ஜூன் 8க்கு அப்புறம் ஜூன் 25! பதினாறு பக்கத்துப் பாரம் ஒன்று அப்படியே காணோம். பத்து மாதமாக நான் கவனிக்கவில்லை. ஓசியில் கொடுத்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு வாசித்தது, பணக்காரன் ஆவது எப்படி என்று சொல்லித் தருகிற புத்தகம். பத்துப் பக்கம் பொறுமையாகக் கேட்டார்.

"இதை எழுதுனவன் பணக்காரன் ஆயிட்டானா?"

"ஆயிட்டான்ப்பா."

"எப்படி ஆனான்?"

"இந்தப் புத்தகத்தை வித்து."

"ம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். டைரியில் முதல் குறிப்பு: 'புத்தகம் 1. அப்பா தூங்கிவிட்டார்.'

* * *

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று சேர்ந்திருக்கும். எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு, 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் புண்ணியம் அது. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று சட்டம் போட்டது நாம்தான் முதலில். அந்த வரியைக் கட்டிவிட்டு நூலகத்துப் பக்கம் போகாமல் இருப்பது, டிக்கெட் எடுத்துவிட்டு பஸ் கூடவே நடந்து போவது மாதிரி. நான் பத்து வருஷமாக நடந்துகொண்டிருந்தேன்.

நூலகர் விவரம் கேட்டார். "அப்பாவுக்குன்னா நம்ம கரிசக்காட்டு ஆளுங்க எழுதினதைக் கொண்டு போங்க" என்று நாலு புத்தகத்தை எடுத்து வைத்தார்.

முதலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976இல் வந்த நாவல். அப்பாவின் கண் மூடியே இருந்தது, ஆனால் தூங்கவில்லை. நடுநடுவே வாய் மட்டும் சிரித்தது. கி.ரா. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர், சம்சாரி, பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாதவர், பிற்பாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், 2021இல் காலமானபோது அரசு மரியாதை செய்தார்கள் என்றேன்.

"படிக்காதவர் காலேஜுக்கு வாத்தியாரா?"

"ஆமாப்பா."

"அப்போ நீ பி.காம். படிச்சது?"

டைரியில் இதற்குப் பதில் எழுத இடம் விட்டிருக்கிறேன்.

அடுத்து மேலாண்மை பொன்னுச்சாமி. நம்ம விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 'மின்சாரப்பூ' சிறுகதைகளுக்காக 2007இல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். இவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான் என்றேன்.

"நானும் அஞ்சுதான்" என்றார் அப்பா.

அது எனக்குத் தெரியும். எப்படி நின்றது என்பது தெரியாது. நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். உங்களுக்கெல்லாம் ஆபீஸ் என்றால் ஃபேன், ஃபைல், மேனேஜர். எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். அப்பா ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில், ஒரு மாதத்துக்கு மட்டும் என்று, தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போயிருக்கிறார். விடியும் முன்னே ஊருக்குள் பஸ் வருமாம். தூங்குகிற பிள்ளைகளை அப்படியே தூக்கி ஏற்றிவிடுவார்களாம். லீவு முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. பஸ் மட்டும் நிற்கவில்லை.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. அப்பாவுக்கு அப்போது கல்யாணமே ஆகிவிட்டது.

* * *

மூன்றாவது வாரம் பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்தது. 2019இல் 'அசுரன்' படமாக நீங்கள் பார்த்த அதே கதைதான். ஒரு கொலையைச் செய்துவிட்டு வந்த பதினைந்து வயசுப் பையனும் அவன் அப்பனும் காட்டுக்குள் ஒளிந்து திரிகிறார்கள். இரண்டு ராத்திரி வாசித்தேன். முடித்ததும் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு வந்த பிள்ளையை அந்த ஆளு கைவிடலை பார்த்தியா" என்றார்.

"ஆமாப்பா."

"நீ காலேஜுல ஏதோ ஒரு பேப்பர்ல பெயிலாயிட்டு வந்தேன்னு நான் ரெண்டு மாசம் உங்கூடப் பேசல, ஏய்யா."

காஸ்ட் அக்கவுண்டிங். நாலாவது செமஸ்டர். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. அன்றைக்கு டைரியில் நான் ஒன்றும் எழுதவில்லை.

கடைசி வாரம் சோ. தர்மனின் 'சூல்', 2019இல் சாகித்ய அகாடமி விருது பெற்ற நாவல். தண்டிப் புத்தகம். உருளைக்குடிக் கண்மாயின் கதை. மடையைத் திறக்கிறவனும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனும் எப்படிக் கண்மாயைச் சாமி மாதிரிப் பார்த்தார்கள், பின்னால் அது எப்படிக் கேட்பாரில்லாமல் போனது என்று போகிறது. இதை வீட்டுக்குள் உட்கார்ந்து வாசித்தால் சரிப்படாது என்று அப்பாவே சொல்லிவிட்டார். சாயங்காலம் சாயங்காலம் எங்கள் ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தின் கரையில் போய் உட்கார்ந்தோம். அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய கரை. நான் பக்கத்தைப் பார்த்தேன், அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"அந்தா எதிர்க்கரையில ஒத்தைக் கொக்கு நிக்குது பாரு" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. "கண்ணாடி உனக்குத்தான் போடணும்" என்பார்.

எட்டு நாளில் நாவல் முடிந்தது. எங்கள் மாதச் சராசரி நாற்பது வார்த்தை எப்போதோ உடைந்துவிட்டது.

* * *

இருபத்தெட்டாவது நாள் ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்'. சின்னக் கதைதான். 2008இல் 'பூ' என்று படமாக வந்தது. மாமன் மகன் மேல் உயிரை வைத்திருந்து, வேறொருவனைக் கட்டிக்கொண்ட பெண்ணின் கதை. முடித்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"பரண்ல அம்மா பெட்டி இருக்கு. அதை இறக்கு."

அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம். அந்தப் பெட்டியை அதற்கப்புறம் யாரும் தொட்டதில்லை. இறக்கினேன். உள்ளே ஒன்பது பைண்டு வால்யூம். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து வைத்திருக்கிறாள். அப்பா வேலை முடிந்து வந்து, ராத்திரியில் அதையெல்லாம் தைத்து, காலிகோ ஒட்டி, மூலைக்குத் தோல் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஒன்பதிலும் ஒரு பாரம்கூடக் குறையவில்லை.

"நீங்க இதுல ஒண்ணாவது படிச்சிருக்கீங்களாப்பா?"

"எங்க? அவ வாசிச்சுக் காட்டட்டுமான்னு கேப்பா. நமக்கு அலுப்பா இருக்கும். நாளைக்குப் பாக்கலாம்பேன்."

சொல்லிவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொட்டு மருந்து போடுகிற நேரமும் அதுவாகத்தான் இருந்தது.

மீதி இரண்டு நாளும் முதல் வால்யூமை வாசித்தேன். முப்பதாவது நாள் மதுரை போய்க் கண்ணைக் காட்டி, ரெண்டு நாளில் கண்ணாடி வந்தது. வந்ததும் அப்பா வால்யூமைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து ஆரம்பித்தார். விரல் கதைக்குப் போகவில்லை. ஓரத்து வெள்ளை இடத்தில், பென்சிலால் பொடிப் பொடியாக அம்மா எழுதியிருந்ததில் நின்றது.

"பால்... பாக்கி... பதினாலு" என்றார். அடுத்த வரி. "சீட்டு... அம்பது." அடுத்த வரி. "தம்பி... பரீட்சை... பீஸ்... கட்டியாச்சு."

ஒன்பது வால்யூமிலும் ஓரங்களில் வீட்டுக் கணக்கு! வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், கீழே கோடு போட்டு மீதி. நான் மூன்று வருஷம் காலேஜுக்குப் போய்ப் படித்ததைத் தொடர்கதை ஓரத்தில் படித்து முடித்திருக்கிறாள். அப்பா இப்போது தினமும் பத்துப் பக்கம் வாசிக்கிறார். முதலில் ஓரம். பிறகு கதை. என்னை வாசிக்கக் கூப்பிடுவதில்லை.

* * *

மாதம் முடிந்தால் இருப்பாய்வு போட வேண்டும். தொழில் தர்மம். உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. போட்டுப் பார்த்தேன். வெளியே போனது: முப்பது நாள் ராத்திரி, டி.வி.யில் ஒரு கிரிக்கெட் தொடர் முழுக்க, தொண்டைக்கு மாத்திரை ரெண்டு அட்டை. உள்ளே வந்தது: ஐந்து நல்ல புத்தகம், ஒரு மோசமான புத்தகம், அப்பாவின் ஐந்தாம் வகுப்பு, அம்மாவின் கையெழுத்து.

டாலி ஆகவில்லை. பற்றுப் பக்கம் எக்கச்சக்கமாக நிற்கிறது. இப்படி வித்தியாசம் வந்தால், காரணம் கிடைக்கும் வரை அந்தத் தொகையை அனாமத்துக் கணக்கில் எழுதி வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதி வைத்துவிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், நீங்களும் என் வயசுக்காரர்தான் என்கிற உரிமையில். வீட்டில் யாராவது 'வாசிச்சுக் காட்டட்டுமா?' என்று கேட்டால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் 'நாளைக்குப் பாக்கலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நேற்று ராத்திரி இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் என் மனைவியிடம் கேட்டேன், வாசித்துக் காட்டட்டுமா என்று.

"பாத்திரம் கிடக்கு. நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.